மார்ஜின் கோடு மட்டும் போட்டு வெச்ச ரெகார்டு: பிஎட்ல எனக்கு ஒரு வருஷம் போன கதை

பிஎட் ரெண்டாவது வருஷம் போறவங்க, அதுலயும் இன்டர்ன்ஷிப் ஆரம்பிக்கப் போறவங்க, இத கொஞ்சம் பொறுமையா படிங்க. எனக்கு இத சொல்ல ஆள் இல்ல. சொல்லியிருந்தா கேட்டிருப்பேனான்னு தெரியாது, ஆனா நடுவுல எங்கயாவது ஒரு எடத்துல ஞாபகமாவது வந்திருக்கும். எனக்குப் போனது முழுசா ஒரு வருஷம், கையிலேர்ந்து 10,200 ரூபா, அது போக கைக்கு வந்த ஒரு வேல.

எங்க வீடு கோத்தகிரி பக்கம். அம்மா கொழுந்து பறிக்கப் போறவங்க. பாட்டனி முடிச்சதும் டீச்சர்தான் ஆவேன்னு அடம் பிடிச்சது நான், அம்மா மகளிர் குழுவுல லோன் போட்டு ஃபீஸ் கட்டுனாங்க. காலேஜ் ஊட்டி பக்கம். முதல் வருஷம் நல்லாவே போச்சு, சைக்காலஜி பேப்பர்ல எல்லாம் நல்ல மார்க். 2015லேர்ந்து பிஎட் ரெண்டு வருஷம் ஆனது எல்லாருக்கும் தெரியும், அதுல பயிற்சிக்கு ஸ்கூலுக்குப் போறது முதல் வருஷம் 4 வாரம், ரெண்டாவது வருஷம் 16 வாரம். இந்த 16 வாரம்னு கேட்டதுமே என் மனசுல விழுந்தது ‘நாலு மாசம் இருக்கு, மெதுவா எழுதிக்கலாம்’ங்கற ஒரே நெனப்புதான். எனக்கு கெடச்சது எங்க ஊருக்குப் பக்கத்துலயே ஒரு கவர்மென்ட் ஹைஸ்கூல், நடந்தா இருபது நிமிஷம். ஜூலைல சேந்தேன்.

முதல் வாரமே கடைக்குப் போய், பயிற்சில செஞ்சத எழுதி கையெழுத்து வாங்க வேண்டிய எல்லா ரெகார்டு நோட்டும் வாங்கிட்டேன். லெசன் பிளானுக்கு ரெண்டு, அப்சர்வேஷன், கேஸ் ஸ்டடி, டெஸ்ட் அண்ட் மெஷர்மென்ட், ஆக்‌ஷன் ரிசர்ச் (கிளாஸ்ல இருக்கற ஒரு பிரச்சனைய நாமளே சோதிச்சு சரி பண்ணிப் பாக்கறது), எல்லாத்துக்கும் பிரவுன் அட்டை போட்டு லேபிள் ஒட்டி அடுக்கி வெச்சேன். அன்னைக்கு ராத்திரிலேர்ந்து உக்காந்து மார்ஜின் போட்டேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் பச்சை ஸ்கெட்ச்ல ரெட்டைக் கோடு, முதல் பக்கத்துல ‘உயிரியல் அறிவியல்’னு மூணு கலர்ல நிழல் வெச்சு எழுதுனேன், அதுக்கு மட்டுமே ஒரு சாயங்காலம் ஆச்சு. ஒரு வாரம் ராத்திரி பதினோரு மணி வரைக்கும் இதே வேலை. அம்மா பக்கத்து வீட்டுல ‘புள்ள ராவெல்லாம் எழுதுது’ன்னு சொல்லிட்டு இருந்தாங்க. நானும் எழுதறதாத்தான் நம்பிட்டு இருந்தேன். அந்த வாரம் முடியறப்போ ரெகார்டுல ஒரு பாடம் கூட இல்ல. 180 பக்கத்துக்கு மார்ஜின் மட்டும் இருந்துச்சு.

இத ஏன் இவ்ளோ விரிவா சொல்றேன்னா, தள்ளிப்போடறவங்கன்னா படுத்துக் கெடப்பாங்க, ஃபோன் நோண்டுவாங்கன்னு எல்லாரும் நெனைக்கறாங்க, என் விஷயத்துல அப்படி இல்ல. நான் நாள் பூரா ஏதோ ஒண்ணு செஞ்சுட்டே இருந்தேன். டிஎல்எம்முக்கு (பாடம் நடத்த உதவற மாடல், சார்ட் மாதிரி பொருள்) தெர்மாகோல் வெட்டறது, சார்ட்டுக்கு பார்டர் ஒட்டறது, பசங்களுக்கு பரிசு கொடுக்க பென்சில் வாங்கறது, எல்லாமே ஸ்கூல் சம்பந்தப்பட்ட வேலைதான். அதனாலதான் எனக்கே சந்தேகம் வரல. உங்களுக்கு ஒண்ணு சொல்றேன், ராத்திரி படுக்கறப்போ ‘இன்னைக்கு எவ்ளோ நேரம் உக்காந்தேன்’னு கேக்காதீங்க, ‘இன்னைக்கு நான் செஞ்சதுல கைடு மேடம் கையெழுத்துப் போடற மாதிரி எது இருக்கு’ன்னு கேளுங்க. மார்ஜினுக்கு யாரும் கையெழுத்துப் போட மாட்டாங்க.

கிளாஸ் எடுக்கறது எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு, அதையும் சொல்லணும். ஒன்பதாம் கிளாஸ் பசங்க, மூடுபனி ஜன்னல் வழியா உள்ள வந்துட்டு இருக்கும், ஸ்வெட்டர் கைய இழுத்து விட்டுக்கிட்டு எழுதுவாங்க, ஆனா கேள்வி கேட்டா அத்தன கையும் தூக்குவாங்க. சைலம் ஃபுளோயம் (செடிக்குள்ள தண்ணியும் உணவும் போற திசு) நடத்த தேயிலைச் செடித் தண்டையே ஒடிச்சுட்டுப் போய் காட்டுனேன். பாடம் நல்லா போன அன்னைக்கு வீட்டுக்கு வந்து அதே பாடத்துக்கு லெசன் பிளான் எழுத உக்காந்தா மட்டும் கை ஓடாது. பாடத்தோட குறிக்கோள அதுல கட்டம் கட்டமா எழுதணும். பொதுக் குறிக்கோள் எழுதுவேன், அறிதல் எழுதுவேன், புரிதல் எழுதுவேன், அப்புறம் ஒரு டீ போட்டுக்கலாம்னு எந்திரிப்பேன். திரும்ப வந்து உக்காரவே மாட்டேன். ‘சனி ஞாயிறுல மொத்தமா உக்காந்து எழுதிடலாம்’. சனிக்கிழமை கரண்ட் இருக்காது, இல்லன்னா யார் வீட்டுலயாவது விசேஷம் இருக்கும். அந்த டீ எந்த எடத்துல ஞாபகம் வருதுன்னு அப்போ நான் கவனிக்கவே இல்ல. கவனிச்சிருந்தா இந்தக் கதையே இல்ல, அத பின்னாடி சொல்றேன்.

அக்டோபர்ல எங்க காலேஜ்ல எம்எட் படிக்கற ஒரு அக்கா வந்து ரெண்டு கேள்வித்தாள் குடுத்தாங்க. அவங்க ஆராய்ச்சியே பிஎட் மாணவர்களோட தள்ளிப்போடற பழக்கமும் மெட்டாகாக்னிஷனும் பத்தித்தான். மெட்டாகாக்னிஷன்னா நாம யோசிக்கற விதத்த நாமளே கவனிக்கறது, முதல் வருஷ சைக்காலஜில எல்லாரும் படிச்சதுதான். ஒரு தாள்ல 52 வாக்கியம், ஒவ்வொண்ணுக்கும் சரி இல்ல தப்புன்னு போடணும். எனக்கு 4.20 பஸ் பிடிக்கணும், நின்னுக்கிட்டே மடமடன்னு எல்லாத்துக்கும் ‘சரி’ போட்டுக் குடுத்துட்டு ஓடுனேன். வேலைய ஆரம்பிக்க முன்னாடி திட்டம் போடறேன், சரி. நடுநடுவுல சரியா போகுதான்னு பாத்துக்கறேன், சரி. ஒரு டீச்சர் ஆகப் போறவ வேற என்ன போடுவா, அப்படித்தான் தோணுச்சு.

நவம்பர்ல எல்லாம் ஒண்ணா வந்து விழுந்துச்சு. என் ஆக்‌ஷன் ரிசர்ச், பசங்க தண்டு குறுக்குவெட்டுப் படத்துல பாகம் குறிக்கறதுல செய்ற தப்ப எப்படி சரி பண்றதுன்னு. இதுக்கு பாடம் நடத்தறதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட் வைக்கணும், நடத்துன பிறகு ஒரு டெஸ்ட். நான் முன்டெஸ்ட் கேள்வித்தாள் ‘அழகா’ தயார் பண்ணலாம்னு தள்ளித் தள்ளி, கடைசில டெஸ்ட் வைக்காமலே ‘திசுக்களின் அமைப்பு’ பாடத்த நடத்தி முடிச்சுட்டேன். முடிஞ்சுது, இனிமே அந்தப் பசங்ககிட்ட முன்டெஸ்ட்னு ஒண்ணு வைக்கவே முடியாது. லெசன் பிளான் எழுதலன்னா ராத்திரி முழிச்சு எழுதிடலாம், நடந்திருக்க வேண்டிய ஒரு டெஸ்ட பின்னாடி போய் நடத்த முடியாது. இன்டர்ன்ஷிப்ல எது தேதி கடந்தா திரும்ப வராதோ அத முதல்ல செய்யணும்ங்கறது எனக்கு அன்னைக்குத்தான் உறைச்சுது. முன்டெஸ்ட், கேஸ் ஸ்டடி பையனோட வீட்டுக்குப் போறது, வேற டீச்சர் கிளாஸ உக்காந்து பாக்கறது, இது மூணும் அந்த வகை.

கூடப் படிச்சவங்க ‘எல்லாரும் போடறதுதான், டேட்டா போட்டுக்கோ’ன்னாங்க. போட்டேன். மறைக்க விரும்பல. 36 பசங்க பேரையும் எழுதி முன்டெஸ்ட்ல 4, 5, 3, பின்டெஸ்ட்ல 8, 9, 8ன்னு ஒரே ராத்திரில மார்க் போட்டு, நவம்பர்ல ஒரு வியாழக்கிழமை தேதிய பின்டெஸ்ட் தேதின்னு எழுதுனேன். லெசன் பிளான் பாதிய எழுதித் தர ஒருத்தர்கிட்ட 3,500 ரூபா குடுத்தேன், அது அம்மா தீபாவளிக்குன்னு எடுத்து வெச்ச காசு. அவர் எழுதிக் குடுத்ததுல பாதி, 2018ல மாறிப்போன பழைய ஒன்பதாம் கிளாஸ் புத்தகத்தோட பாடம். எழுதித் தர்றவங்க எந்த வருஷ ரெகார்டப் பாத்து எழுதறாங்கன்னு உங்களுக்குத் தெரியாது, தயவுசெஞ்சு அந்தப் பக்கமே போகாதீங்க.

கைடு மேடம் ரெகார்ட புரட்டிட்டே வந்தவங்க ஆக்‌ஷன் ரிசர்ச்ல நின்னாங்க. தேதி மேல வெரல வெச்சு, சத்தமே போடாம, ‘ஏம்மா, அன்னைக்கு மழைக்கு கலெக்டர் லீவு விட்டிருந்தாரே’ன்னாங்க. எனக்கு காது ரெண்டும் அடைச்ச மாதிரி ஆயிடுச்சு. அந்த வாரம் மழை கொட்டி மண்ணு சரிஞ்சு பஸ் கூட ஓடல, நானே வீட்டுலதான் இருந்தேன், அந்த லீவுல உக்காந்துதான் மார்ஜின் விட்டுப்போன பக்கத்துக்கெல்லாம் கோடு போட்டேன். அந்தத் தேதியத்தான் எழுதியிருக்கேன். பழைய பாடத் தலைப்பும் அதுக்கு அப்புறம் கண்ணுல பட்டுச்சு. ரெகார்டுல கையெழுத்து இல்ல, கையெழுத்து இல்லன்னா பிராக்டிக்கலுக்கு உக்கார முடியாது, அடுத்த பேட்ச்சோட வான்னு சொல்லிட்டாங்க. மேடம் மேல எனக்கு இன்னைக்கும் ஒரு கோவமும் இல்ல.

குன்னூர் பக்கம் ஒரு தனியார் ஸ்கூல்ல ஜூன்லேர்ந்து மாசம் 11,000க்கு வர்றியான்னு கேட்டிருந்தாங்க, பிஎட் முடிச்சா. அது போச்சு, பத்து மாசத்துக்குப் பாத்தாலும் 1,10,000 ரூபா. எழுதிக் குடுத்தவருக்கு 3,500, புது ரெகார்டு, பிரின்ட், பைண்டிங் 1,850, திரும்ப எக்ஸாமுக்கு கட்டுனது 2,600, ஊட்டிக்கு அலைஞ்ச பஸ் ஆட்டோ 2,250. இந்தக் கணக்க அம்மாகிட்ட சொன்ன ராத்திரி அவங்க ஒண்ணும் திட்டல. கொழுந்துக் கறை ஏறுன வெரலால குழு பாஸ்புக்க எடுத்து எத்தன தவணை பாக்கின்னு எண்ணிப் பாத்தாங்க, ‘சரி, சாப்பிடு’ன்னாங்க. அதுக்கு அப்புறம் மூணு மாசம் நான் எதையுமே தொடல. என்னையே திட்டிக்கிட்டேன், சோம்பேறி, ஏமாத்துக்காரி, நீ எல்லாம் டீச்சரான்னு. திட்டத் திட்ட அந்த நோட்டப் பாக்கவே பயமா இருந்துச்சு, பீரோவுக்குள்ள வெச்சுப் பூட்டிட்டேன்.

மே மாசம் ஊட்டில ஒரு ஜெராக்ஸ் கடைல அதே எம்எட் அக்காவப் பாத்தேன், தீசிஸ் பைண்டிங் பண்ண வந்திருந்தாங்க. எப்படி இருக்கன்னு கேட்டதும் எல்லாத்தையும் சொல்லிட்டேன், சீசன் கூட்டத்துல அந்தக் கடை வாசல்லயே நின்னு. அவங்க ஆறுதல் எல்லாம் சொல்லல, ஒரு கேள்வி கேட்டாங்க, ‘எழுதாம எந்திரிச்ச ஒவ்வொரு தடவையும் மனசுக்குள்ள என்ன வாக்கியம் ஓடுச்சுன்னு உனக்குத் தெரியுமா?’ தெரியல. மெட்டாகாக்னிஷன் பத்தி 1979ல ஃபிளாவெல்ங்கற சைக்காலஜிஸ்ட் எழுதுனது, திட்டம் போடறது, கண்காணிக்கறது, மதிப்பிடறது, இதெல்லாம் பரீட்சைல நான் நாலு பக்கம் எழுதி மார்க் வாங்குன பதில். என் மேல அத ஒரு நாள் கூட திருப்பிப் பாத்ததில்ல. அக்கா இன்னொண்ணும் சொன்னாங்க, கனடால ஒரு ஆராய்ச்சில, பரீட்சைக்கு தள்ளிப்போட்ட மாணவர்கள்ல தன்ன மன்னிச்சுக்கிட்டவங்க அடுத்த பரீட்சைக்கு கம்மியா தள்ளிப்போட்டாங்கன்னு, 2010ல வந்துச்சாம். எனக்கு அது சாக்குப்போக்கு மாதிரித்தான் முதல்ல பட்டுச்சு. ஆனா திட்டிக்கிட்டே இருந்த மூணு மாசத்துல நான் ஒரு வரி கூட எழுதலங்கறது உண்மைதானே. ‘செஞ்சது தப்பு, அது முடிஞ்சுது, இனி எழுதணும்’னு ஒரு தடவ வாய்விட்டு சொன்னப்புறம்தான் பீரோவத் தெறக்க முடிஞ்சுது.

அக்கா சொன்னபடி ஒரு சின்ன பாக்கெட் நோட்டு வாங்குனேன். எழுத உக்காந்து, எந்திரிக்கணும்னு தோணற நிமிஷத்துல, எந்திரிக்கறதுக்கு முன்னாடி, மனசு சொன்ன வாக்கியத்த அப்படியே எழுதணும், பேனா எந்த எடத்துல நிக்குதுன்னும் எழுதணும். அவ்ளோதான், எந்திரிக்கக் கூடாதுன்னு எந்த கட்டாயமும் இல்ல. மூணு வாரம் எழுதுனேன். திரும்பப் படிச்சப்போ நாலே நாலு வாக்கியம்தான் மாறி மாறி இருந்துச்சு: ‘கரண்ட் வரட்டும்’, ‘மொத்தமா உக்காந்து எழுதிடலாம்’, ‘ஒரு டீ குடிச்சுட்டு வந்துடறேன்’, ‘இத மேடம்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு எழுதலாம்’. அத விட எனக்கு ஆச்சரியம், எடம். டீ வந்த எடம் எல்லாம் ஒரே எடம். அறிதல், புரிதல் முடிஞ்சு ‘பயன்படுத்துதல்’ங்கற கட்டம். ஒரு தடவ ரெண்டு தடவ இல்ல, 17 தடவ. எனக்கு அந்த கட்டத்துல என்ன எழுதணும், அது புரிதல்லேர்ந்து எப்படி வேற படுதுன்னு சத்தியமா தெரியாது. முதல் வருஷம் ஃபிரெண்டோட நோட்டப் பாத்து எழுதிட்டேன், ரெண்டாவது வருஷம் வந்து இதப் போய் கேக்கறதான்னு வெக்கம். அந்த வெக்கம்தான் டீ ஆயிடுச்சு, சனிக்கிழமை ஆயிடுச்சு, மார்ஜின் ஆயிடுச்சு.

அடுத்த நாளே மேடம்கிட்ட போய் கேட்டேன். பத்து நிமிஷம் கூட ஆகல. ‘நீ நடத்துனது சைலம் தண்ணிய மேல கொண்டு போகுதுன்னு. பையன் அத சொன்னா அறிதல், ஏன்னு விளக்குனா புரிதல். வாடிப்போன தேயிலைக் கெளைய தண்ணில வெச்சா ஏன் நிமிருது, நீ யோசிச்சு சொல்லுன்னு புது விஷயத்துல கேட்டு அவன் சொன்னா அது பயன்படுத்துதல்’ன்னாங்க. பத்து நிமிஷ சந்தேகத்துக்கு நான் ஒரு வருஷம் குடுத்திருக்கேன். வீட்டுக்கு நடந்து வர்ற வழி பூரா அழுதேன்.

அதனால நான் சொல்றது, ‘எனக்கு தள்ளிப்போடற பழக்கம்’னு மொத்தமா ஒரு பேர் வெச்சுட்டு விட்றாதீங்க, அதுக்குள்ள என்ன இருக்குன்னு பிரிச்சுப் பாருங்க. 1984லயே சாலமன், ராத்பிளம்னு ரெண்டு பேர் மாணவர்கள்கிட்ட கேட்டு முக்கியமா ரெண்டு காரணம் சொல்லியிருக்காங்க, தோத்துடுவோமோங்கற பயம் ஒண்ணு, அந்த வேலையே பிடிக்காதது ஒண்ணு. என் நோட்டுல பாத்தப்போ பயம் பெருசா இருந்துச்சு, பயத்துக்கு அடில தெரியாமை இருந்துச்சு. தெரியலன்னா கேக்கணும், வேற வைத்தியம் கெடையாது. பிடிக்காத வேலைன்னா (எனக்கு அப்சர்வேஷன் ரெகார்டு அப்படி) சின்னதா வெட்டி செய்யணும், நான் கிளாஸ் பாத்த அன்னைக்கே லஞ்ச் மணி அடிக்க முன்னாடி அந்த பெஞ்சுலயே எழுதிடுவேன். கரண்ட் இல்லங்கறது பாதி நாள் உண்மையான காரணம், நம்ம ஊர்ல மழைக்காலத்துல அது இருக்கத்தான் செய்யும், அதுக்கு 400 ரூபாய்க்கு ஒரு சார்ஜ் லைட் வாங்குனேன், அதோட அந்த வாக்கியம் நோட்டுலேர்ந்து போயிடுச்சு.

‘மொத்தமா உக்காந்து எழுதிடலாம்’ங்கறத ஒழிக்கத்தான் ரொம்ப நாள் ஆச்சு. அதுக்கு நேரத்த அளந்தேன். எழுதறதுக்கு முன்னாடி ஒரு லெசன் பிளானுக்கு எவ்ளோ ஆகும்னு குத்துமதிப்பா எழுதி வெச்சேன், 45 நிமிஷம். ஃபோன்ல டைமர் வெச்சு எழுதுனா 2 மணி 10 நிமிஷம். ரெண்டாவது பிளான் 1 மணி 55. அப்போ ஒரு ஞாயித்துக்கிழமைல பத்து பிளான் எழுதிடுவேன்னு போன வருஷம் நான் நம்புனது நடக்கவே முடியாத ஒண்ணு, அது தோத்ததும் நான் சோம்பேறின்னு முடிவு பண்ணிக்கிட்டேன். இதுவும் எனக்கு மட்டும் இல்லையாம், கனடால தீசிஸ் எழுதுன மாணவர்கள்கிட்ட எப்போ முடிப்பீங்கன்னு கேட்டா சராசரியா 34 நாள்னாங்க, ஆனது 55 நாளுக்கு மேல, 1994ல வந்த ஆராய்ச்சி. நீங்களும் முதல் மூணு பிளானுக்கு மட்டும் டைமர் வெச்சுப் பாருங்க, மீதி நாள எப்படிப் பிரிக்கறதுன்னு தானா தெரிஞ்சுடும். நான் ஒரு நாளைக்கு ஒண்ணுன்னு வெச்சேன், ஸ்கூல் விட்டு வந்து ஸ்வெட்டர் மாத்துனதும் முதல்ல பயன்படுத்துதல் கட்டத்த எழுதறது, அதுக்கு அப்புறம்தான் மத்தது. கஷ்டமான எடத்த தாண்டிட்டா டீ ஞாபகம் வரவே இல்ல.

ஹெச்எம் சார் நல்ல மனுஷர், அதே ஸ்கூல்ல திரும்ப நாலு வாரம் வர அனுமதி குடுத்தார். இந்தத் தடவ முதல் நாளே முன்டெஸ்ட், கேள்வித்தாள் கைல எழுதி ஜெராக்ஸ் போட்டது, அழகே இல்ல. 34 பேர்ல 9 பேர்தான் எல்லா பாகத்தையும் சரியா குறிச்சாங்க. நடத்தி முடிச்சு வெச்ச டெஸ்ட்ல 21 பேர். 13 பேருக்கு வரல, அதையும் அப்படியே எழுதுனேன், யாருக்கு எந்த பாகம் கொழம்புதுன்னு. போன வருஷம் நான் போட்ட பொய் மார்க்குல எல்லாருக்கும் எட்டும் ஒன்பதுமா இருந்துச்சு, ஆனா அதுல ஒரு பையனப் பத்தியும் எனக்கு ஒண்ணும் தெரியாது. மேடம் இந்த 13 பேர் பக்கத்தத்தான் ரொம்ப நேரம் படிச்சாங்க. ஒரு சின்ன விஷயம், வருகைப் பதிவுக்கும் டெஸ்ட் பேப்பருக்கும் ஹெச்எம் கையெழுத்த வாராவாரம் வெள்ளிக்கிழமை வாங்கிடுங்க. கடைசி நாள் வாங்கலாம்னு வெச்ச என் கூடப் படிச்ச பொண்ணுக்கு, நடுவுல ஹெச்எம் டிரான்ஸ்ஃபர் ஆகி அவர தேடி கூடலூர் வரைக்கும் போக வேண்டியதாச்சு.

அன்னைக்கு ஜெராக்ஸ் கடைல அக்கா மிச்சம் இருந்த கேள்வித்தாள்ல ஒண்ண என்கிட்ட குடுத்திருந்தாங்க, அந்த 52 வாக்கியம் இருக்கறது. தீசிஸ் முடிஞ்சுது, இது கணக்குல சேராது, சும்மா வெச்சுக்கோன்னாங்க. பிராக்டிக்கல் முடிஞ்சு வந்த ராத்திரி அத எடுத்து உக்காந்தேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பாக்கெட் நோட்டப் புரட்டிப் பாத்து போட்டேன், ஒன்றரை மணி நேரம் ஆச்சு. 31 சரி, 21 தப்பு. தப்பு போட்ட 21 வாக்கியத்துக்கும் பக்கத்துல பென்சில்ல தேதி எழுதி, லெசன் பிளான் ரெகார்டுக்குள்ள, முதல் பக்கத்துல வெச்சிருக்கேன்.